மச்சான் நட்ட கள்ளி

உட்காருங்கள் தம்பி. ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்கு பஸ் ஜன்னல் ஒத்துவராது. வெளியே பார்த்தால் யார் யார் தோட்டத்தில் என்னென்ன நடக்கிறது என்று கண்ணில் பட்டுத் தொலைக்கும், அப்புறம் மனசு கெட்டுப்போகும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். பேசுவதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிற போனெல்லாம் வந்திருக்கிறதாமே. நீங்கள் அப்படிப்பட்ட ஆள் என்று நான் சொல்லவில்லை. போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

என்ன கேட்டீர்கள்? இந்தப் பக்கமெல்லாம் முன்பு முருங்கைக் காடாக இருந்ததே, இப்போது எங்கே பார்த்தாலும் கல்லுக்கால் நட்டு, கள்ளி மாதிரி ஏதோ தொங்குகிறதே, எதனால் இப்படி மாறிப்போனது என்றா?

நல்ல கேள்வி. இதையே கேட்டுக்கொண்டு போன வருஷம் ஒரு பேப்பர்காரர் வந்தார். வந்து, போட்டோ பிடித்து, அரைப்பக்கம் எழுதினார். மழை குறைந்துவிட்டதாம். உலகச் சந்தை மாறிவிட்டதாம். ஜனங்களின் வாய் ருசி மாறிவிட்டதாம். நான் இரண்டு தடவை படித்தேன். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் எழுதியிருந்தார். பொய்யை அப்படித்தான் எழுத வேண்டும், கோவையாக.

மழையும் இல்லை, சந்தையும் இல்லை தம்பி. எங்கள் கல்லேரிவலசு மாறியதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள். என் மச்சான் சின்னியப்பன். என் வீட்டுக்காரி மயிலாத்தாளுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அவன்மேல் மனுக் கொடுக்கத்தான் இப்போது தாலூகா ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இதோ, மடியில் இருக்கிறது மனு. தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

நீங்கள் சர்வேயர் இல்லையே? இல்லை, காலில் பூட்ஸ் போட்டிருக்கிறீர்கள், அதனால் கேட்டேன்.

சொல்கிறேன், கேளுங்கள். என் தோட்டமும் அவன் தோட்டமும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு வரப்பு. கிணறு பொது. மூன்று நாள் அவன் முறை, மூன்று நாள் என் முறை, ஏழாம் நாள் கிணற்றுக்கு ஓய்வு. பெண்ணையும் கொடுத்துக் கிணற்றிலும் பாதி வைத்துக்கொண்டவன் சாதாரண ஆளாக இருப்பானா என்று எனக்குக் கல்யாணத்தன்றைக்கே ஒரு யோசனை இருந்தது. அதனால் அந்த வருஷத்திலிருந்தே அளந்துகொண்டு வருகிறேன். வேறு எப்படி, காலடி வைத்துத்தான். அவன் பக்கத்து வேப்பமரத்திலிருந்து வரப்புவரைக்கும் நாற்பது காலடி. வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் அளப்பேன். வருஷா வருஷம் நாற்பதுதான். ஆள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறான் பாருங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டான்.

அந்த வருஷம்தான் எனக்கு முட்டி வலி வந்தது. எழுந்தால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. அப்படியும் விடவில்லை. தைலத்தைத் தேய்த்து, துணியைச் சுற்றி, தடியை ஊன்றிக்கொண்டு, வலியோடு வலியாகப் போய் அளந்தேன். நாற்பத்து நான்கு! நாலு காலடி வரப்பு நகர்ந்திருக்கிறது. என் பக்கம் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மயிலாத்தாளிடம் சொன்னேன். "உங்கொண்ணன் நாலு காலடி உள்ள வந்துட்டான்."

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தலைகூடத் தூக்கவில்லை. "நம்ம பக்கத்தயும் அளந்து பாத்தீங்களா?"

நியாயமான பேச்சு. போய் அளந்தேன். கிணற்று மேட்டிலிருந்து வரப்புவரைக்கும் என் பக்கம் அறுபது காலடி இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் அறுபத்தாறு!

எப்படி இருக்கிறது கதை? அவன் பக்கமும் கூடியிருக்கிறது, என் பக்கமும் கூடியிருக்கிறது. எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று என் பக்கத்தையும் கொஞ்சம் நீட்டி வைத்திருக்கிறான். அவ்வளவு நிலத்தை எங்கிருந்து கொண்டுவந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள், அதைக் கண்டுபிடிக்கத்தானே சர்க்கார் சர்வேயர் இருக்கிறார். மயிலாத்தாளிடம் இதையும் சொன்னேன். அவள் என் முட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி முட்டியைப் பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோள் குலுங்கியது. பாவம், அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இனி நகராமல் இருக்க வரப்பில் கல் நட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பழைய பாகல் பந்தல் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், அங்கிருந்து ஆளுயரக் கல்லுக்கால் வாங்கினேன். ஆனால் யோசித்தேன். வரப்பில் மட்டும் நட்டால் என்ன ஆகும்? 'மாப்பிள்ளை நம்மைச் சந்தேகப்படுகிறார்' என்று அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் உஷாராகிவிடுவான். அதனால் வரப்பில் ஒரு வரிசை நட்டேன். முருங்கைக்கு நடுவில் சும்மா இன்னும் மூன்று வரிசை நட்டேன். பார்க்கிறவனுக்கு எது உண்மைக் கல், எது பொய்க் கல் என்று தெரியக்கூடாது. மூளை என்பது எதற்கு இருக்கிறது?

மறுநாள் காலை குமரேசன் டீக்கடையில் ஒரே விசாரணை.

"ஏனுங் பெரீப்பா, முருங்கைக்குள்ள கல்லுக்கால் நட்டிருக்கறீங்க? பந்தலுங்களா?"

"இல்லை."

"வேலிங்களா?"

"நடுக்காட்டுல எவன்டா வேலி போடுவான்?"

"அப்பறம் என்னத்துக்குங்?"

கடையில் பத்துப் பேர். மூலையில் என் மச்சான், டீயை ஆற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். உண்மையைச் சொல்ல முடியுமா? சுவரில் உரக்கடைக் காலண்டர் தொங்கியது. அதில் ரோஸ் நிறத்தில், உடம்பெல்லாம் செதில் செதிலாக, ஒரு பழம். பெயர் இங்கிலீஷில். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பழம் போடறேன். கல்லுல ஏத்தி விட்டாப் போதும். தண்ணி வேண்டாம், மருந்து வேண்டாம். ஒரு பழம் தின்னா மூணு நாளைக்குப் பசி எடுக்காது. சீனாக்காரன் சண்டைக்குப் போறப்ப மடியில ஒண்ணு கட்டிக்கிட்டுத்தான் போவான். சிங்கப்பூர்ல ஒரு செட்டியாருக்கு வழுக்கத் தலையில முடியே மொளச்சிருச்சு."

கடையே சிரித்தது. எனக்கு ஊரில் அப்படி ஒரு பெயர் தம்பி, என்ன சொன்னாலும் சிரிப்பார்கள். ஒரு ஆடிக் காற்றில் என் வேட்டி பறந்துபோய்ப் பழனி மலை உச்சியில் விழுந்தது, மறுநாள் பூசாரி மடித்துக் கொடுத்தார் என்று சொன்னேன், சிரித்தார்கள். எங்கள் கிணற்றில் இருக்கிற கெளுத்தி மீன் மோட்டார் போடுகிற நேரம் தெரிந்து ஒதுங்கிக்கொள்ளும் என்றேன், அதற்கும் சிரித்தார்கள். நாற்பது வருஷமாகச் சிரிக்கிறார்கள். சின்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

எட்டாம் நாள் லாரியில் கல்லுக்கால் வந்து இறங்கியது அவன் தோட்டத்தில். இருநூறு! முருங்கையைத் தூரோடு பிடுங்கினான். நல்ல காய்ப்பில் இருந்த மரம் தம்பி, காயை ஒடித்தால் பச்சை வாசம் குப்பென்று வரும். அத்தனையும் பிடுங்கிவிட்டு, கல்லுக்குக் கல் தலையில் பழைய டயரை மாட்டி, அடியில் நாலு நாலு துண்டு கள்ளி. எங்கள் பாட்டன் காலத்தில் வேலியில் கிடந்த கள்ளியை வெட்டி எரித்துத்தான் முருங்கை வைத்தார்கள். இவன் முருங்கையை எரித்துவிட்டுக் கள்ளி வைக்கிறான். உலகம் மாறுகிறது, மாறுகிறது என்கிறார்களே, சுற்றிக்கொண்டு அதே இடத்துக்குத்தான் வருகிறது.

அவனைப் பார்த்து ஊர் சும்மா இருக்குமா? சின்னியப்பன் ஊரிலேயே நிதானமான ஆள் என்று பெயர். அவன் நட்டால் காரணம் இருக்கும் என்று பக்கத்துக் காட்டுக்காரன் நட்டான். அவனைப் பார்த்து அடுத்தவன். 'நாம் மட்டும் ஏமாந்துவிடுவோமோ' என்ற பயம் இருக்கிறதே, அது பொல்லாதது. டிராக்டருக்கு டீசல் வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும், பயத்துக்கு ஒன்றும் வேண்டாம், தானே ஓடும். இரண்டே வருஷம். கல்லேரிவலசில் முருங்கை இருந்த தோட்டம் ஒன்றே ஒன்று. அது என்னுடையது.

நான் நடவில்லை. சின்னியப்பன் ஒன்றைச் செய்கிறான் என்றால் அதில் எனக்கு ஏதோ பொறி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? என் கல்லுக்காலில் ஒன்றில் எருமையைக் கட்டினேன். மற்றதில் மயிலாத்தாள் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். அதற்கும் ஊரில் ஒரு பேச்சு. "பெரீப்பா இன்னும் நடலையே. வேற ஏதோ உசந்த ரகத்துக்குக் காத்துட்டு இருக்கறாரு" என்றார்கள். மனிதர்களுக்கு எவ்வளவு சந்தேக புத்தி பாருங்கள்!

அப்புறம் பழம் காய்த்தது. காய்த்தது என்றால் கொஞ்சநஞ்சமா? ஊரே ரோஸ் நிறம். கோயில் படையலில் அந்தப் பழம், சீமந்தத் தட்டில் அந்தப் பழம், கோபித்துக்கொண்டு போன மருமகளைக் கூப்பிடப் போனாலும் ஒரு பை நிறைய அந்தப் பழம். ஒரு ஆடு தின்றுவிட்டு ரோஸ் நிறத்தில் பால் கறந்தது என்றால் நம்புவீர்களா? வேண்டாம், நம்ப வேண்டாம். எல்லா ஊரிலும் எல்லோரும் நட்டுவிட்டார்களாம், மார்க்கெட்டில் சீந்த ஆள் இல்லை. ருசியும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. தண்ணீரில் எள்ளைப் போட்டுக் குடித்த மாதிரி.

முருங்கைக்கோ தட்டுப்பாடு. வியாபாரிகள் என் வாசலில் வந்து நின்றார்கள். 'ஐயா, ஐயா' என்று. நான் என்ன செய்வது? மரம் என்னிடம்தான் இருந்தது.

அங்கேதான் தம்பி ஆரம்பித்தது வினை. குமரேசன் கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் குமரேசனே கேட்டுவிட்டான், டீயைக் கொடுக்காமல், டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே.

"ஏனுங் பெரீப்பா, எல்லாத்தயும் கள்ளி நட வெச்சுப்போட்டு, முருங்கய நீங்க மட்டும் வெச்சிக்கிட்டீங்களாட்ட இருக்குது. சும்மா நாலு கல்ல நட்டு ஊரயே கவுத்துப்போட்டீங்களே. பெரிய ஆளுங்."

என்னை! என்னைச் சந்தேகப்படுகிறார்கள் தம்பி! ஒரு மனிதனை இன்னொரு மனிதன் கொஞ்சமாவது நம்ப வேண்டாமா? நான் சூழ்ச்சிக்காரனா? ஒளித்து வைக்கிறவனா? எடுத்த எடுப்பில் தப்பாகவே நினைக்கிற ஜனங்களோடு எப்படிக் காலம் தள்ளுவது, சொல்லுங்கள்.

அன்றைக்குக் கடையில் என் பக்கம் பேசினது ஒரே ஆள். நம்பமாட்டீர்கள். சின்னியப்பன்தான். எழுந்து, "எங்க மாப்ள அப்பிடிப்பட்ட ஆளு இல்ல. அவரு நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னாரு. நமக்கு வாய்க்கல. டீயக் குடு அவருக்கு" என்றான். அவன் தோட்டத்தில் இருநூறு கல்லிலும் பழம் பறிக்க ஆளில்லாமல் காக்கை கொத்திக்கொண்டிருந்தது அப்போது. எல்லோரையும்விட அடி அவனுக்குத்தான். அப்படியிருந்தும் என் பக்கம் பேசுகிறான்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். ஏன் பேசினான்? நஷ்டப்பட்டவன் திட்ட வேண்டும், சண்டைக்கு வர வேண்டும், அதுதானே முறை? திட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. இது போதாதென்று, "கள்ளிக்குத் தண்ணி வேண்டியதில்ல மாப்ள. எம்பட முறையிலயும் நீங்களே மோட்டாரப் போட்டு முருங்கைக்குப் பாச்சுங்க. அந்த மரமாவது நிக்கட்டும்" என்று கிணற்று மோட்டார் அறைச் சாவியை மயிலாத்தாளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆறு நாள் தண்ணீரும் எனக்கே! நாளைக்குக் கிணறு வற்றினால் பழி யார் தலையில்? அதுதான் கணக்கு.

போன மாசம் மறுபடி அளந்தேன். முட்டி இன்னும் மோசம், பத்து அடிக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் போக முடிந்தது. நாற்பத்து எட்டு! என் பக்கம் எழுபத்து இரண்டு! இனிப் பொறுப்பதற்கில்லை என்று மனு எழுதிவிட்டேன். சர்க்கார் சங்கிலி போட்டு அளக்கட்டும்.

மயிலாத்தாள் படித்துப் பார்த்தாள். இந்தத் தடவை தலைப்பை வாயில் வைத்துக்கொள்ளவில்லை.

"இத மட்டும் கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னா, நான் எங்கொண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் வர மாட்டேன்."

"போனா என்ன, வரப்புக்கு அக்கட்டால. கூப்புட்டாக் கேக்குற தூரம்."

"கூப்புட்டாக் கேக்கும். பதில் வராது."

நாற்பது வருஷத்தில் அவள் அந்த மாதிரிக் குரலில் பேசியதில்லை. இன்றைக்குக் காலையில் நான் கிளம்பும்போது அவளுடைய துணியெல்லாம் கட்டிலில் மடித்து வைத்திருந்தது. என் வேட்டி ஒன்று தவறிப்போய் அதில் கலந்திருந்தது, அதைப் பிரித்துத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சோறு மட்டும் போட்டாள்.

அது கிடக்கட்டும். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நேற்றுப் பொழுது கிளம்பும்போதே சின்னியப்பன் வந்தான். மனு விஷயம் தங்கச்சி சொல்லியிருப்பாள். கையில் கடப்பாரை. சரி, அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நானும் தடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அளக்கறதுன்னா அளக்கட்டுமுங் மாப்ள. நம்முளுக்குள்ள எதுக்குங் ஆபீசு? எங்க நடோணும்னு நீங்களே காட்டுங்க. நான் கல்லப் புடுங்கி அங்க நட்டுப்போடறேன்."

"எதுவரைக்கும் வேணும்னாலுமா?"

"எதுவரைக்கும் வேணும்னாலும்."

என்ன தைரியம் பாருங்கள்! நான் மசியவில்லை. நாலு வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அது இருக்கட்டும் மச்சான். உண்மையச் சொல்லு. காய்ச்சுக்கிட்டு இருந்த முருங்கயப் புடுங்கிக் கள்ளி நட்டயே, எதுக்கு நட்டே? யார் சொல்லி நட்டே? உனக்கு உள்ள என்ன தெரிஞ்சுது?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். கேள்வியே புரியாத மாதிரி.

"நீங்கதானுங்களே சொன்னீங்க, மாப்ள."

அவ்வளவுதான். கடப்பாரையைச் சுவரில் சாத்தி வைத்தான், தங்கச்சியிடம் ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்தான், போய்விட்டான்.

இதற்கு என்ன அர்த்தம் தம்பி? நேற்றுக் காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று குலுக்கிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. வேட்டி பழனிக்குப் பறந்ததை ஒரு குழந்தைகூட நம்பவில்லை. நான் சொன்ன நல்ல செய்தியையும் நம்பவில்லை, கெட்ட செய்தியையும் நம்பவில்லை. என் மாமனார் செத்த சேதியை நான் போய்ச் சொன்னபோது, "போங்க மாமா, வெளையாடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சாணி தட்டிக்கொண்டிருந்தார்கள் மயிலாத்தாளின் சித்தி வீட்டில். இவன் மட்டும் ஒரு டீயைக் குடித்துக்கொண்டு, நான் காலண்டரைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்குப் போய், காய்க்கிற மரத்தை... ஒரு காரணமும் இல்லாமல்... நான் சொன்னேன் என்று...

இருக்க முடியாது. ஏதோ இருக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நீங்கள் ஏன் ஒன்றுமே பேச மாட்டேன் என்கிறீர்கள்? முதலிலிருந்தே பார்க்கிறேன், ஊம் ஊம் என்கிறீர்களே தவிர...

அது என்ன கட்டடம், பின்னால் போவது? மஞ்சள் சுவர், வாசலில் ஜெராக்ஸ் கடை... கண்டக்டர்! ஏனுங் கண்டக்டர்! தாலூகா ஆபீஸ் போய்விட்டதா? விசில் கொடுத்தீர்களா? இரண்டு தடவை கத்தினீர்களா? எனக்குக் கேட்கவில்லையே.

பாருங்கள் தம்பி, ஜன்னலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். கேள்வி கேட்டு என்னைப் பேச வைத்ததும் நீங்கள்தான். யார் உங்களை இந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினது? சின்னியப்பன் உங்களுக்கு என்ன வேண்டும்? சிரிக்காதீர்கள்.

இல்லைங் கண்டக்டர், இங்கே நிறுத்த வேண்டாம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் திரும்பி நடப்பது? போகிற இடத்துக்குப் போகட்டும். பழனியா? சரி, பழனிக்கே ஒரு டிக்கெட் கொடுங்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்புகிறேன்.

வீட்டுக்குப் போனதும் ஆபீஸ் பூட்டியிருந்தது என்று சொல்லிவிட வேண்டியதுதான். சும்மா பூட்டியிருந்தது என்றால் போதாது. தாசில்தாரின் நாற்காலியில் தேனீ கூடு கட்டிவிட்டது, ஆபீஸே ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது, மனு வாங்க ஒருவரும் கையை நீட்டவில்லை, அப்படி. மயிலாத்தாள் நம்பமாட்டாள். ஆனால் மடித்து வைத்த துணியை மறுபடி பீரோவில் வைப்பாள் என்று நினைக்கிறேன். குமரேசன் கடையில் சிரிப்பார்கள்.

சின்னியப்பன் இருக்கிறானே, அந்தப் பாவி, அவன் மட்டும் நம்பித் தொலைப்பான். "கொட்டலீங்களே, மாப்ள?" என்று கேட்பான்.